சனிக்கிழமை காலை வகுப்பு: ரத்தத்தை நிறுத்தவும், மறுநாள் லிஃப்டில் பேசவும்

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள சமூக மன்றத்தில் போன சனிக்கிழமை அவசரகாலத் தயார்நிலை வகுப்புக்குப் போனேன். பயங்கரவாதத் தாக்குதல் நடந்தால் முதல் சில நிமிடங்களில் என்ன செய்வது, மறுநாள் அக்கம்பக்கத்தாரிடம் எப்படி நடந்துகொள்வது என்று இரண்டையும் சொல்லித் தருகிறார்கள். காலை 9 முதல் 12.30 வரை. போகலாமா என்று யோசிப்பவர்கள் தயங்காமல் போங்கள்.

முதல் பகுதி கைவேலை. அழுத்து, கட்டு, தகவல் சொல். பயிற்சிக்கு வைத்திருந்த ரப்பர் தொடையில் இருந்த வெட்டுக்காயத்தின் மேல் துணியை வைத்து அழுத்தச் சொன்னார்கள். நான் விரல்நுனியால் அழுத்தினேன். பயிற்சியாளர் தமிழர். "அக்கா, சப்பாத்தி மாவை அழுத்துற மாதிரி உள்ளங்கையை வைங்க. முழங்கையை மடக்காதீங்க. எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க" என்றார். நின்றுவிட்டதா என்று துணியைத் தூக்கினால், உறையத் தொடங்கிய ரத்தம் மறுபடியும் ஒழுகுமாம். அப்புறம் என் துப்பட்டாவை வாங்கி இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சு சரியாகக் காயத்தின் மேலேயே விழும்படி கட்டிக் காட்டினார். வீட்டுக்கு வந்து மகன் காலில் நாலு தடவை கட்டிப் பார்த்தேன், வருகிறது.

ஆனால் என்னை எழுதவைத்தது இரண்டாம் பகுதி: தாக்குதலுக்கு மறுநாள் நடந்துகொள்வது. அதற்கு வெளிநாட்டு உதாரணங்களோடு தொடங்கினார்கள்.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2019 மார்ச் 15 அன்று இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அந்நூர் பள்ளிவாசலுக்கு எதிரே உள்ள பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள், பாங்கு நாடு முழுவதும் ஒலிபரப்பானது, முஸ்லிம் அல்லாத பெண்களும் முக்காடு போட்டு வந்தார்கள். அப்போதைய பிரதமர் ஜெசிண்டா ஆர்டெர்ன் கொலையாளியின் பெயரை உச்சரிக்கவே மாட்டேன் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். ஒரு மாதத்துக்குள் துப்பாக்கிச் சட்டத்தையும் மாற்றிவிட்டார்கள். பரிவு என்றால் பூங்கொத்து மட்டும் இல்லை என்று பயிற்சியாளர் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது.

நார்வேயில் நடந்தது இன்னும் கனமானது. 2011 ஜூலை 22 அன்று 77 பேரைக் கொன்றவன் அந்த நாட்டுக்காரனே. மூன்றாம் நாள் ஓஸ்லோ தெருக்களில் லட்சக்கணக்கில் மக்கள் ரோஜாவோடு நின்றார்கள்.

அப்போது பின்வரிசையில் ஒரு அம்மா, "நம்ம ஊர்லயும் ஒரு பிள்ளை இருந்தானே" என்றார். அறையே அமைதியானது. 16 வயது, இந்திய வம்சாவளி, கிறிஸ்துவப் பையன். கிறைஸ்ட்சர்ச் தாக்குதலைப் பார்த்துவிட்டு, அதன் இரண்டாம் நினைவு நாளான 2021 மார்ச் 15இல் இங்கே இரண்டு பள்ளிவாசல்களைத் தாக்கத் திட்டமிட்டான். 2020 டிசம்பரில் தடுத்துவைக்கப்பட்டான். அவன் குறிவைத்த பள்ளிவாசல்களில் ஒன்று எங்கள் உட்லண்ட்ஸ் யூசோஃப் இஷாக் பள்ளிவாசல்.

செய்தி வந்த மறுநாள் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. லிஃப்டில் எதிர்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) நின்றார். இருவருக்கும் முகக்கவசம். பதினோராம் மாடியிலிருந்து கீழே வரும்வரை எண்கள் மாறுவதையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஹரி ராயா பெருநாளுக்குக் குவே பலகாரம் அனுப்புகிறவர், என் தீபாவளி முறுக்குக்குக் காத்திருக்கிறவர். அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அது இன்னும் எனக்கு வலிக்கிறது.

வகுப்பில் எங்கள் குழுவுக்கு வந்த அட்டையில் அதே லிஃப்ட்தான் எழுதியிருந்தது: தாக்குதல் நடந்த மறுநாள், தூடோங் (முக்காடு) அணிந்த அண்டை வீட்டார், என்ன சொல்வீர்கள்? நாங்கள் ஆளுக்கொரு பெரிய வாக்கியம் தயார்செய்தோம். எங்களோடு இருந்த தாத்தா, "நான் சுடா மாக்கான்னு, சாப்பிட்டாச்சான்னு மலாய்ல கேட்பேன். அவங்க பேசுனா நின்னு கேட்பேன், என் மாடி போனாலும் பரவால்ல" என்றார். பயிற்சியாளர், "ஐயா சொன்னதுதான். கேளுங்க, நில்லுங்க" என்று அடுத்த குழுக்களுக்கும் அதையே செய்து காட்டச் சொன்னார். நானும் செய்தேன். நடிப்புதான் என்று தெரிந்தும் தொண்டை அடைத்தது.

குறைகளும் உண்டு. இந்தப் பகுதிக்கு அரை மணி நேரம் போதவே போதாது. கைவேலையில் கொஞ்சம் குறைத்து இதற்கு ஒரு மணி நேரமாவது தரவேண்டும். திரையில் வந்ததெல்லாம் ஆங்கிலம், பின்வரிசை அம்மாக்களுக்கு நாங்கள்தான் மொழிபெயர்த்தோம். "செய்தவன் நம்ம பிள்ளைன்னா அவன் அம்மாகிட்ட என்ன பேசுறது?" என்று ஒருவர் கேட்டதற்கு நேரம் இல்லாமல் போனது. அந்தக் கேள்விக்கே ஒரு வகுப்பு வைக்கலாம். அந்தப் பையன் ஆலோசனைகளுக்குப் பிறகு 2024 ஜனவரியில் கட்டுப்பாட்டு ஆணையோடு வீடு திரும்பினான். அவன் வீட்டாரும் ஏதோ ஒரு அடுக்குமாடி புளோக்கில் லிஃப்டில் ஏறி இறங்குகிறார்கள்தானே.

ஐந்துக்கு நான்கு தருவேன். தரையில் மண்டியிட வேண்டியிருக்கும், அதற்கேற்ற உடையில் போங்கள். பழைய துப்பட்டா ஒன்று கையில் இருக்கட்டும்.

அடுத்த வகுப்புக்கு என் மகன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். அவனுக்கும் இப்போது 16.