எல்இடி முகப்பு விளக்கும் தீராத பிழைக்குறியீடும்: ஓர் எச்சரிக்கை

ஹாலஜன் பல்புகளை எடுத்துவிட்டு எல்இடி முகப்பு விளக்குகளைப் பொருத்தித் தரும் ஒரு பணிமனையில் நான் ஏமாற்றப்பட்ட விதத்தை, அதே வேலையைச் செய்துகொள்ள எண்ணியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். “கேன் பஸ் பிழை வராது” (கேன் பஸ் என்பது காரின் கணினிப் பகுதிகள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் தடம்) என்று பெட்டியில் அச்சிட்டிருந்த எச்7 வகை விளக்குகளைப் பொருத்திய அன்றே, விளக்குப் பழுது என்ற எச்சரிக்கை காரின் டேஷ்போர்டில் தோன்றியது. ஸ்கேனரைச் செருகி அதை அழித்தார்கள். விளக்கைப் போட்டதும் திரும்ப வந்தது. பேட்டரி வலுவிழந்துவிட்டது என்று புதியதை மாற்றிப் பணம் வாங்கினார்கள். அதுவும் பலிக்காதபோது, விளக்குகள் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியான பாடி கன்ட்ரோல் மாட்யூலே போய்விட்டது என்று கூறி, அதை மாற்றுவதற்கு ஒரு பெரும் தொகையை எழுதி நீட்டினார்கள்.

அந்த மாட்யூலோ தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தது. 55 வாட் ஹாலஜன் பல்பு 12 வோல்ட்டில் ஏறக்குறைய நாலரை ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அதில் பாதியளவே இழுக்கும் எல்இடி வந்து அமர்ந்ததும், பல்பின் இழை அறுந்துவிட்டது என்று கணித்து மாட்யூல் பிழைக்குறியீட்டைப் பதிவு செய்கிறது. மேலும், பல கார்களில் விளக்குக்கு மின்சாரம் விட்டுவிட்டுத் துடிப்புகளாக அனுப்பப்படுகிறது; சூடான இழை அந்த இடைவெளியைக் காட்டிக்கொடுக்காது, எல்இடியோ சிமிட்டும். சாதாரண பல்பு எதுவும் கேன் பஸ் தடத்தில் இணைக்கப்படுவதில்லை என்பதால், பெட்டியிலிருந்த அந்த வாசகம் வெறும் விற்பனைப் பேச்சுதான்.

வேறொரு பணிமனையில் ஹாலஜன் பல்புகளைப் போட்டுக் குறியீட்டை அழித்தார்கள். அது பிறகு வரவேயில்லை. முதல் பணிமனை செய்திருக்க வேண்டிய சோதனை இவ்வளவுதான்.

ஆனால் அங்கே தெரியவந்த இன்னொன்றுதான் என்னை அச்சுறுத்தியது. குறியீட்டை மறைப்பதற்காக, எனக்குச் சொல்லாமலே, விளக்கு வயரின் உறையைத் துளைத்து கூடுதல் மின்னோட்டத்தை இழுத்து ஹாலஜன் பல்பு இருப்பதுபோல் காட்டும் 6 ஓம் ரெசிஸ்டர்களை (மின்தடைகளை) இணைத்து, அவற்றை வயர் கட்டோடு சேர்த்தே இறுக்கியிருந்தார்கள். இன்ஜின் ஓடும்போது 13.5 வோல்ட் அளவில் அத்தகைய ரெசிஸ்டர் ஒன்று சுமார் 30 வாட்டை முழுவதும் வெப்பமாகவே வெளியேற்றும் (எல்இடியால் மிச்சமாகும் மின்சாரம் இப்படியே போய்விடுகிறது என்பது வேறு கதை). கார் உடலின் உலோகப் பரப்பில், வயரையும் பிளாஸ்டிக்கையும் விட்டு விலக்கித் திருகி வைக்க வேண்டிய பொருள் அது. என் காரில் வயர் உறை உருகத் தொடங்கியிருந்தது.

கேட்கப் போனபோது, அந்த வயரிங் கோளாறு முன்பே இருந்தது என்றார்கள். பில்லில் “மின்வேலை” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. கழற்றிய ஹாலஜன் பல்புகளையும் அவர்கள் எறிந்துவிட்டிருந்தார்கள். ஆகவே இந்த வேலைக்கு வண்டியை விடுபவர்கள், பழைய பல்புகளைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ரெசிஸ்டர் சேர்த்தால் எங்கே, எப்படிப் பொருத்தப்பட்டது என்பதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். குறியீடு வந்தால், பழைய பல்பைப் போட்டுக் காட்டும்வரை வேறு எந்தப் பாகத்துக்கும் பணம் கொடுக்காதீர்கள்.