பெயரில் கெட்டி, சரக்கில் கோட்டை விடும்: ஒரு தடைப்பட்டியல் சோதனைச் சேவை

வால்வும் பம்பும் ஏற்றுமதி செய்யும் நிறுவனத்தில் ஆவணப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு ஆர்டரில் வரும் வாங்குபவர், வங்கி, சரக்கு முகவர், கப்பல் என எல்லாப் பெயரையும் பொருளாதாரத் தடைப்பட்டியல்களோடு ஒப்பிட்டுச் சொல்லும் ஆன்லைன் சேவை ஒன்றுக்குச் சந்தா கட்டியிருக்கிறோம். குறை சொல்லப் போவதால் சேவையின் பெயர் வேண்டாம். இப்படி ஒன்றை வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐநா பாதுகாப்பு அவை, அமெரிக்க நிதித்துறையில் தடைகளைக் கவனிக்கும் பிரிவான ஓஃபாக், ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன் ஆகிய எல்லாப் பட்டியலும் ஒரே தேடலில் வந்துவிடுகின்றன. கப்பல் விஷயத்தில் இதை அடித்துக்கொள்ள முடியாது. தடையில் சிக்கிய கப்பல்கள் பெயரை மாற்றும், கொடியை மாற்றும். ஏழு இலக்க ஐஎம்ஓ எண் மட்டும் கப்பலை உடைக்கும் வரை மாறாது. இந்தச் சேவை அந்த எண்ணைத்தான் முதலில் கேட்கிறது. போட்டதும் பழைய பெயர்கள், பழைய கொடிகள் எல்லாம் ஆண்டு வாரியாகக் கீழே இறங்குகின்றன. அதேபோல, தடைக்குள்ளானவர்கள் ஒரு நிறுவனத்தில் 50 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருந்தால், அந்த நிறுவனத்தின் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும் ஓஃபாக் கணக்கில் அதுவும் தடைக்குள்தான். யார் யாருக்குச் சொந்தம் என்ற அந்தச் சங்கிலியைக் கையால் தேடினால் பொழுது போய்விடும். இங்கே படமாகவே போட்டுக் காட்டுகிறார்கள்.

தொல்லை தனிநபர் பெயர்களில் ஆரம்பிக்கிறது. பாரசீக, அரபு, கொரியப் பெயர்களை ஆங்கில எழுத்தில் பல விதமாக எழுதுவார்கள் என்பதால் ஓசை ஒத்துப்போனாலே மஞ்சள் விளக்கு எரிகிறது. '82 சதவீதம் பொருத்தம்' என்கிறது. கீழே பார்த்தால் நாடு வேறு, பிறந்த ஆண்டு என்ற கட்டம் காலி. முகமது என்று தொடங்கும் பெயருள்ள வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் இதே கதிதான். ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதித்தான் விளக்கை அணைக்க முடியும். சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது சரக்கு விஷயம். ஒரு வணிக நிறுவனம் எங்களிடம் பெல்லோஸ் சீல் வால்வு, அதாவது கசிவைத் தடுக்க உள்ளே உலோகத் துருத்தி வைத்த வால்வு கேட்டது. முதலில் துருப்பிடிக்காத எஃகு என்றார்கள். விலையெல்லாம் பேசி முடித்த பிறகு, மோனெல் 400 உலோகக் கலவையில் வேண்டும் என்று மாற்றினார்கள். அளவு 10 மில்லிமீட்டர். முழுப் பணமும் முன்கூட்டியே தருகிறோம் என்றார்கள்; எங்கே பொருத்தப் போகிறார்கள் என்பதற்கு மட்டும் பதில் இல்லை. சேவையில் போட்டேன். வாங்குபவர் பச்சை, வங்கி பச்சை, எல்லாமே பச்சை. நிறுத்தியது எங்கள் வடிவமைப்புப் பிரிவில் இருக்கும் ஒரு அண்ணன். அணுப்பொருள் வழங்கும் நாடுகள் குழுவின் இருபயன் பட்டியலில் (சாதாரணத் தொழிலுக்கும் அணு வேலைக்கும் உதவும் சரக்குகளின் பட்டியல்) இப்படி ஒரு வால்வு இருக்கிறது: அளவு 5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல், பெல்லோஸ் சீல், அலுமினியத்தாலோ, 60 சதவீதத்துக்கு மேல் நிக்கல் உள்ள கலவையாலோ ஆனது அல்லது அதனால் உள்பூச்சு கொண்டது. மோனெல் 400-இல் நிக்கல் குறைந்தது 63 சதவீதம். அணு எரிபொருளுக்கோ அணுகுண்டுக்கோ யுரேனியத்தைத் தயார்செய்யும் செறிவூட்டலில் சுற்றும் யுரேனியம் ஹெக்சாஃப்ளோரைடு வாயு சாதாரண உலோகத்தை அரித்துவிடும், அதனால்தான் நிக்கல். வால்வு விற்பவருக்கு யுரேனியப் பாடம் எதற்கு என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். சரக்கைக் கடைசியில் யார், எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று எழுதித் தரும் இறுதிப் பயனர் சான்று கேட்டோம். அந்த ஆள் அதன் பிறகு பேசவே இல்லை.

இது அபூர்வமாக நடப்பதும் இல்லை. 2003 அக்டோபரில் லிபியாவுக்குப் போய்க்கொண்டிருந்த பிபிசி சைனா என்ற கப்பலை இத்தாலியின் தாரந்தோ துறைமுகத்துக்குத் திருப்பினார்கள். உள்ளே செறிவூட்டும் மையவிலக்கு இயந்திரங்களுக்கான பாகங்கள். மலேசியாவில் ஒரு தொழிற்சாலையில் செய்தவை. அதைப் பிடித்துக் கொடுத்தது உளவுத் தகவல். பெயரை மட்டும் பார்க்கும் சேவைக்கு அங்கே என்ன வேலை? இந்தச் சேவையிலும் சரக்கு விவரம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. ஆனால் அதில் எழுதுவதை எதனோடும் ஒப்பிடுவதில்லை. வெறும் குறிப்பேடு!

அடுத்த குறை சின்னதாகத் தெரியும், எனக்கு அதுதான் பெரியது. பட்டியலில் சேர்ப்பதில் இருக்கும் வேகம் எடுப்பதில் இல்லை. எங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவரைத் தடையிலிருந்து விடுவித்துவிட்டார்கள். இன்னமும் 'முன்பு பட்டியலில் இருந்தவர்' என்று அதே மஞ்சள் விளக்கு. அதைப் பார்த்து வங்கி கடிதம் கேட்கிறது, நாங்கள் எழுதுகிறோம், சரக்கு கிடங்கில் கிடக்கிறது.

தடை என்பது பேரத்தின் ஒரு பாதிதானே? அணு வேலையை நிறுத்தினால் வியாபாரம் திறக்கும் என்பது மறுபாதி. வல்லரசு நாடுகளோடு செய்த 2015 அணு ஒப்பந்தப்படி ஈரான் யுரேனியச் செறிவூட்டலை 3.67 சதவீதத்துக்கும், கையிருப்பை 300 கிலோவுக்கும் குறைக்க ஒப்புக்கொண்டது. 2016 ஜனவரி 16 அன்று தடைகள் தளர்ந்தன. ஆனாலும் பெரிய ஐரோப்பிய வங்கிகள் கிட்டே வரவில்லை. 2014-இல்தான் பிரான்சின் பிஎன்பி பரிபா வங்கி, தடைகளை மீறியதற்காக அமெரிக்காவிடம் கிட்டத்தட்ட 890 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு யாருக்குத் துணிச்சல் வரும்? 2018 மே 8-இல் அமெரிக்கா ஒப்பந்தத்தை விட்டே வெளியேறியது. சலுகை காகிதத்தில் வந்து கணக்கில் வராமல் போனதில் எங்களைப் போன்றவர்களின் மஞ்சள் விளக்குகளுக்கும் ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

2025 செப்டம்பர் 28-இல் அந்த ஒப்பந்தத்தால் விலக்கப்பட்டிருந்த, ஈரான் மீதான பழைய ஆறு ஐநா தீர்மானங்கள் திரும்ப வந்தபோது, நான் அலுவலகம் வருவதற்குள் எல்லாம் ஏற்றப்பட்டிருந்தது. ரஷ்யாவும் சீனாவும் இதை ஏற்கவில்லை என்ற குறிப்புகூட இருந்தது. இவ்வளவு நறுவிசாகச் செய்பவர்களுக்கு, விடுவிக்கப்பட்டவர்களுக்கென்று தனி நிறம் கொடுப்பது பெரிய வேலையா? கேட்டு எழுதினேன். 'பரிசீலிக்கிறோம்' என்றார்கள்.

ஐந்துக்கு மூன்று தருகிறேன். கப்பலும் வங்கியும் நிறையப் புழங்கும் நிறுவனமாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். இயந்திரம், உலோகம், மின்னணு விற்பவர்கள் சந்தா கட்டும் முன் சரக்குப் பட்டியல் சோதனை உண்டா என்று கேளுங்கள். மழுப்பினால், வரைபடம் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கையொப்ப வரிசையில் உட்காரவைத்த பிறகு வாங்குங்கள்.