ஸ்கேன் முதலிலா, மருந்து முதலிலா?

மருத்துவமனைக்கு ஒரு நோயாளி வருகிறார்: பாக்டீரியா மூளையுறை அழற்சி (மெனிஞ்சைட்டிஸ், மூளையைச் சுற்றிய உறையில் கிருமித் தொற்று). நகத்தை அழுத்தினாலும் கண் திறக்கவில்லை. சுயநினைவை அளக்கும் கிளாஸ்கோ அளவு 8-க்கும் கீழே, அதாவது ஆழ்ந்த மயக்கம். இந்த நிலையில் வந்தவர்களில் இறப்பு அதிகம், ஆனாலும் முழுதாகத் தேறியவர்களும் உண்டு.

நோயை உறுதிசெய்ய முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுக்குமுன் மூளைக்கு சி.டி. ஸ்கேன் கேட்பது நியாயம்தான். மூளை வீங்கியிருந்தால் நீர் எடுப்பதே ஆபத்து. ஆனால் ஸ்கேன் முடியட்டும் என்று ஆன்டிபயாடிக் மருந்தை நிறுத்திவைத்தால் லாபம் கிருமிக்குத்தான்.

மருந்து முதலில் என்றால், முதுகுநீரில் கிருமி வளராமல் போகலாம். அதற்காகத்தானே முன்பே ரத்தம் எடுத்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பாட்டிலில் விடுகிறார்கள்! நீரிலுள்ள அணுக்கள், சர்க்கரை அளவும் உடனே மாறிவிடாது. கூடவே வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன்: 2002-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் அது கொடுக்கப்படாத பெரியவர்களின் இறப்பு 15 சதவீதம், கொடுக்கப்பட்டவர்களிடம் 7.

என் ஓட்டு மருந்துக்கே, அதுவும் வந்த ஒரு மணி நேரத்துக்குள். ரத்தம், ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், அப்புறம் ஸ்கேன்.