க்ளோ பிளக்கா, காற்றா? காலையில் அடம்பிடிக்கும் ஃபோர்டு 7.3 டீசல்

1988 முதல் 1994 வரை வந்த ஃபோர்டு 7.3 லிட்டர் ஐடிஐ (IDI, இன்டைரக்ட் இன்ஜெக்‌ஷன்) டீசல் பிக்கப் குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால், நான் முதலில் பார்ப்பது சைலன்சர் புகையைத்தான்.

வெள்ளைப் புகை தள்ளிக்கொண்டே எஞ்சின் சுற்றினால் டீசல் உள்ளே போகிறது, சூடுதான் போதவில்லை. குளிரில் ஸ்டார்ட் ஆக எஞ்சினுக்குள் சூடேற்றும் க்ளோ பிளக்கைச் சந்தேகிக்கலாம். ஒயரைக் கழற்றி எட்டு பிளக்கையும் மீட்டரில் பாருங்கள். நல்ல பிளக் 2 ஓமுக்குள் காட்டும். எட்டும் சரி என்றால் அவற்றுக்குக் கரண்ட் அனுப்பும் ரிலேதான் அடுத்தது.

புகையே இல்லையா? பெரும்பாலும் டீசல் லைனில் புகுந்த காற்று. இந்த எஞ்சினில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் தலையில், மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் லைனின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) காய்ந்துபோவது சகஜம். இரவில் அந்த வழியாகக் காற்று புகுந்து டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். அப்புறம் காலையில் நெடுநேரம் சுற்ற வேண்டும். பிடித்தாலும் கொஞ்ச நேரம் தடுமாறும். வெயில் காலத்திலும் இதே தொல்லை என்றால் என் சந்தேகம் காற்றின் மேல்தான். ஒரு இரவு வண்டியின் மூக்கு பள்ளத்தைப் பார்க்கும்படி சரிவில் நிறுத்துங்கள். காலையில் சட்டென்று பிடித்தால் விடை கிடைத்துவிட்டது. ஓ-ரிங் மலிவு, பழைய வண்டி என்றால் யோசிக்காமல் மொத்தமாக மாற்றிவிடுவேன்.

எது காரணமானாலும், எளிதில் பற்றிக்கொள்ளும் ஈதர் ஸ்ப்ரே (ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே) மட்டும் அடிக்காதீர்கள். சூட்டில் பழுத்துச் சிவந்த க்ளோ பிளக்கில் அது பட்டால் பிஸ்டனே உடையலாம்.