பேரலா, டேங்கா, சம்ப்பா, கிணறா? செட்டிநாட்டு வீட்டில் மழைத்தண்ணீர் பிடிக்க எது சரி?

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 500 சதுர அடி ஓட்டுச் சரிவு ஏறக்குறைய 46 சதுர மீட்டர் வரும், அதனால் சிதறியது, ஓடு குடித்தது எல்லாம் போக, 5 மில்லிமீட்டர் மழையிலேயே 200 லிட்டர் நீல பேரல் நிரம்பிவிடும். ஐப்பசியில் ஒரே ராத்திரியில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் மிச்சம் ஆயிரத்து எண்ணூறு லிட்டராவது தெருவில்தான் ஓடும்.

அதற்காகப் பேரல் வேண்டாம் என்று சொல்லவில்லை. செலவு குறைவு, கொத்தனார் தேவையில்லை. போர் தண்ணீர் கடினமாக இருக்கும் ஊர்களில் பிடித்து வைத்த மழைத்தண்ணீரில் துணி துவைத்துப் பாருங்கள், சோப்பு எப்படி நுரைக்கிறது என்று தெரியும். கோடைக்கும் வரும் என்று நம்பி வாங்கினால்தான் ஏமாற்றம்.

1,000 லிட்டர் கறுப்பு டேங்கில் வெளிச்சம் புகாது, பாசி பிடிக்காது, மூடியும் கச்சிதம். ஆனால் நிரம்பினால் ஒரு டன் எடை, உறுதியான மேடை கட்டாமல் வைக்கக் கூடாது. அதுவும் ஒரு நல்ல மழைக்கே நிரம்பிவிடும். சம்ப், அதாவது தரைக்கடித் தொட்டி, புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு அருமையான வழி, பத்தாயிரம் லிட்டர் வரை தாராளமாகச் சேர்க்கலாம். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர் ஓரமாக அதற்குப் பள்ளம் தோண்டுவதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன், அஸ்திவாரம் இளகினால் வீடே போய்விடும்.

என் ஓட்டு கிணற்றுக்குத்தான். மழையெல்லாம் இரண்டு மூன்று மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடும் நம் பக்கத்தில், அவ்வளவையும் வாங்கிக்கொள்ள மண்ணுக்குள்தான் இடம் இருக்கிறது. கூரைத் தண்ணீரை ஜல்லி, கரி, மணல் போட்ட வடிகட்டும் தொட்டி வழியாகக் கிணற்றில் விட வேண்டும். 2003இல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது தோண்டிய குழி பல வீடுகளில் மண் அடைத்துக் கிடக்கிறது, புரட்டாசியிலேயே அதைத் தூர் வாரினால் பாதி வேலை முடிந்தது. நம் கிணற்றில் விட்டது நமக்கே திரும்பி வரும் என்று சொல்ல முடியாது, அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்கும் போகும். போகட்டுமே.

பழைய வளவு வீடுகளிலும் இதுதானே ஏற்பாடு? நாலு பக்கத்து ஓடும் முற்றத்தைப் பார்த்துச் சரியும், மூலையில் அண்டாவும் கிடாரமும் வைத்து வேண்டியதைப் பிடித்துக்கொள்வார்கள், மிச்சம் முற்றத்துச் சாலகம் (தண்ணீர் வெளியேறும் துளை) வழியாகத் தெரு வாய்க்காலில் இறங்கி ஊருணிக்குப் போய்விடும். அதனால் பேரல் வைத்தாலும் அதன் மேல்விளிம்புக்குக் கீழே ஓட்டை போட்டு, இரண்டு அங்குல பைப் மாட்டி வடிகட்டும் தொட்டிக்கு இழுத்துவிடுங்கள். கையில் குறைந்த காசுதான் இருக்கிறது என்றால் இதையே செய்யலாம்.

பேரல் வாங்கும்போது முன்னே அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள், பூச்சிமருந்தோ ரசாயனமோ என்றால் வேண்டவே வேண்டாம். குழாயை அடியிலிருந்து நாலு விரல் மேலே வையுங்கள், வண்டல் கீழேயே தங்கும். குடம் நுழைகிற உயரத்துக்குச் செங்கல் அடுக்கி அதன் மேல் நிறுத்துங்கள். கோடை முடிந்து பெய்யும் முதல் மழையில் ஓட்டுத் தூசியும் புறா எச்சமும் வரும், அதைப் பிடிக்காமல் வெளியே விட்டுவிடுங்கள்.

கொசு விஷயத்தில் அசட்டை கூடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பேரலின் உள்சுவரில் முட்டை ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டிக் காய வைத்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். அதனால் வாரம் ஒருமுறை உள்பக்கத்தைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். வாய்க்குக் கொசுவலை போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும், வழிகிற பைப்பின் வாய்க்கும் வலை வேண்டும்.

வாடகை வீட்டுக்காரர்கள் கிணற்றில் கை வைக்க முடியாது, அவர்களுக்குப் பேரல்தான். இரண்டு பேரலைப் பைப்பால் இணைத்து வைத்துக்கொண்டால் வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போகலாம்.