கவனன்ட் ஐஸ் செயலி: காசு கொடுத்து வாங்கலாமா?

ஆபாசத்தோடு போராடும் கிறிஸ்தவர்களை மனதில் வைத்து 2000இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கப்பட்டது கவனன்ட் ஐஸ். யோபு 31:1இல் வரும் கண்களோடு செய்த உடன்படிக்கைதான் பெயருக்கு ஆதாரம். போனில் இப்போது ‘விக்டரி’ என்ற செயலியாகக் கிடைக்கிறது. கெட்ட தளங்களைத் தடுக்கவும் செய்யும். ஆனால் பிரதான வேலை, நீங்கள் பார்ப்பதை நீங்களே நியமித்த ஒருவருக்கு, அதாவது உங்கள் ‘கூட்டாளி’க்கு, தெரியப்படுத்துவது. தடுப்புச் சுவர் என்று நினைத்து வாங்குகிறவர்களுக்கு ஏமாற்றம்தான்.

விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு மூன்றிலும் திரையை அவ்வப்போது படம் பிடிக்கும். சாதனத்திலேயே அதை அலசி, சந்தேகமானதைக் குறித்து, மங்கலாக்கி உங்கள் கூட்டாளியின் போனுக்கு அனுப்பும். பேங்க் பேலன்ஸையோ வீட்டு மெசேஜையோ அவரால் படிக்க முடியாது. அந்த மங்கலிலேயே ஓர் ஓட்டையும் இருக்கிறது: தமிழில் எழுத்தாக ஓடும் ஆபாசக் கதையின் பக்கம் அவர் கண்ணுக்குச் செய்தித்தாள் பக்கம் மாதிரிதான் தெரியும். உங்கள் பலவீனம் படமா எழுத்தா என்று முதலிலேயே கூட்டாளியிடம் சொல்லிவிட வேண்டும். மாறாக, கடற்கரைப் படமோ சினிமாப் பாட்டோ சில சமயம் தவறாகக் குறிக்கப்படலாம். அதற்கெல்லாம் பதற வேண்டாம்.

ஆண்ட்ராய்டில் தகராறு வருவது பெரும்பாலும் செட்டிங்ஸில். அக்சசிபிலிட்டி அனுமதி கொடுக்காமல் இது திரையைப் பார்க்க முடியாது. அது சின்ன அனுமதி இல்லை. திரையில் உள்ள அனைத்தும் அதற்குத் தெரியும். இந்த அனுமதியைப் பயன்படுத்திய விதத்துக்காகவே 2022இல் கூகுள் இதை ப்ளே ஸ்டோரிலிருந்து எடுத்தது. பிறகு திரும்பி வந்தது. ரெட்மி, விவோ, ஒப்போ போன்றவற்றில் கூடுதலாக ஆட்டோஸ்டார்ட்டை (செயலி தானாகத் தொடங்கும் அனுமதியை) ஆன் செய்து, பேட்டரி கட்டுப்பாட்டையும் நீக்க வேண்டும். விட்டால் பின்னணியில் ஓடும் செயலியை போனே நிறுத்திவிடும். கூட்டாளி பக்கம் வெற்றிடம் தெரியும், நீங்கள்தான் அணைத்தீர்கள் என்று அவர் சந்தேகப்படுவார். அலுவலக விபிஎன் (இணையப் போக்குவரத்தைத் தனி வழியில் அனுப்பும் இணைப்பு) உள்ள போனில் இன்னொரு இடைஞ்சல்: ஒரே நேரத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும், தளத் தடுப்புக்கோ இந்தச் செயலிக்கும் ஒன்று தேவை.

ஐபோனில் பாதி மருந்துதான். மற்ற செயலிகளின் திரையைப் படம் பிடிக்க ஆப்பிள் விடுவதில்லை. சஃபாரியில் பார்ப்பதும், போகும் தளங்களின் பெயரும் தெரியும். இன்ஸ்டாகிராம் ரீல்ஸுக்குள் நடப்பது தெரியாது. ஐபோன் மட்டும் வைத்திருப்பவர்கள் முதலில் போனின் செட்டிங்ஸிலேயே உள்ள ஸ்க்ரீன் டைமைப் பயன்படுத்திப் பார்க்கலாம், இலவசம். அதன் கன்டென்ட் கட்டுப்பாடுகளில் ‘லிமிட் அடல்ட் வெப்சைட்ஸ்’ தேர்ந்தெடுத்தால் சஃபாரியின் பிரைவேட் டேபும் காணாமல் போகும். பாஸ்கோடை நண்பர் போட வேண்டும். நீங்களே போட்டால் இரவு பன்னிரண்டு மணிக்கு நீங்களே எடுப்பீர்கள்.

சந்தா மாதம் 17 டாலருக்கு மேல். ஒரே சந்தாவில் குடும்பத்தார் பலரைச் சேர்க்கலாம், கூட்டாளிக்குக் கட்டணம் கிடையாது. இருந்தாலும் நம் ஊர்ச் சம்பளத்துக்கு அதிகம்தான். வெறும் தடுப்பு மட்டும் போதுமென்றால் வீட்டு ரவுட்டரின் டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக மாற்றும் சேவை) இடத்தில் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் 1.1.1.3, 1.0.0.3 இரண்டையும் போட்டால் காசில்லாமல் முடியும். போன் மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் அந்தத் தடுப்பு வேலை செய்யாது.

இனி கூட்டாளி. இந்தச் செயலி பலிப்பதும் பலிக்காததும் இவரிடம்தான். பாஸ்டரைப் போடும் வழக்கம் சபைகளில் உண்டு; நல்ல யோசனை இல்லை. சபை முழுவதையும் கவனிக்கிறவர் தினமும் ரிப்போர்ட் திறக்க மாட்டார். சபையில் உங்கள் பொறுப்பு அவர் கையில் இருந்தால், பழைய போன் ஒன்றை ஒளித்து வைக்கத்தான் தோன்றும். மனைவியிடம் மறைக்கக் கூடாது, ஆனால் ஒவ்வொரு படத்தையும் சோதிக்கும் வேலையை அவர் தலையில் கட்டவும் கூடாது. யாக்கோபு 5:16 சொல்கிறபடி ஒருவருக்கொருவர் அறிக்கையிடக்கூடிய, உங்களைப் போலவே ஆணான (சகோதரிகளுக்குப் பெண்ணான) விசுவாசி ஒருவர் போதும். குறிக்கப்பட்ட படம் வந்த அன்றே அவர் போன் பண்ண வேண்டும், வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்பிவிட்டு நிறுத்தக் கூடாது. எத்தனை மணிக்கு, எந்த அறையில், அதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்கட்டும். சண்டைக்குப் பின், தனி அறையில், நள்ளிரவில் என்றே திரும்பத் திரும்பப் பதில் வந்தால் சார்ஜரை ஹாலுக்கு மாற்றுவதே அடுத்த வேலை.

ஆண்ட்ராய்டு, விண்டோஸ் இரண்டும் வைத்திருந்து, இப்படி ஒருவரும் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். ஆள் கிடைக்கும்வரை சந்தா கட்ட வேண்டாம்.

பிள்ளைகளின் போனில் ரகசியமாகப் போடுவது மட்டும் கூடாது. உட்கார வைத்துச் சொல்லிவிட்டு, அப்பாவின் போனிலும் அதே நாளில் போடுங்கள்.