‘குளிர் தாங்கும் ட்ரவுட் குஞ்சு’ விளம்பரத்தை நம்பாதீர்கள்: 38,500 ரூபாய் போய்விட்டது

38,500 ரூபாய். கேரட் விற்றுச் சேர்த்த பணம். அதை வாங்கிக்கொண்டு இந்தக் குளிரில் பிழைக்கவே பிழைக்காத மீனை அனுப்பியவன், இப்போது என் அழைப்பை எடுப்பதில்லை. நீலகிரியிலோ கொடைக்கானலிலோ ஒரு தொட்டி கட்டி மீன் வளர்க்க நினைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

எங்கள் தோட்டம் நீலகிரியில் எமரால்டு பக்கம். வற்றாத ஓடை ஒன்று ஓடுகிறது. அதன் தண்ணீர் ஒரு முனையில் விழுந்து மறுமுனையில் வெளியேறும்படி நீளமான சிமென்ட் தொட்டி கட்டினோம். ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனுக்கு ஓடும் நீர் வேண்டும், ஆக்சிஜன் நிறைய வேண்டும், ஏறக்குறைய 10 முதல் 18 டிகிரி வரை குளிர்ச்சி வேண்டும். மூன்றும் எங்களிடம் இருந்தன. பக்கத்து அவலாஞ்சியில் 1907இலேயே ட்ரவுட் பண்ணை தொடங்கியிருக்கிறார்கள். ஆகவே நடக்காத காரியத்துக்கு நாங்கள் ஆசைப்படவில்லை. குஞ்சுதான் கிடைக்கவில்லை.

யார் வேண்டுமானாலும் விளம்பரம் போடக்கூடிய ஓர் இணையச் சந்தையில் அவன் கிடைத்தான். சமவெளியில் மீன் குஞ்சுப் பண்ணை வைத்திருப்பதாகச் சொன்னான். விலையைப் பற்றி முதலில் பேசவே இல்லை. ஓடை எங்கிருந்து வருகிறது, கோடையில் தண்ணீர் குறையுமா, காலையில் எத்தனை டிகிரி என்றெல்லாம் விவரம் தெரிந்தவனைப் போலக் கேட்டான். பனிக்காலத்தில் 9 டிகிரி வரை இறங்கும் என்றேன். “அண்ணா, அந்தக் குளிருக்கென்றே பழக்கிய குஞ்சு இது. தைரியமாக விடுங்கள்” என்றான். வீடியோ அழைப்பில் தொட்டியைக் காட்டினான். பக்கவாட்டில் கரும்பட்டைகளோடு, நீரோட்டத்தை எதிர்த்து நின்ற அவை ட்ரவுட் குஞ்சுகள்தான். “பாதிப் பணம் போதும், மீனைப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள்” என்றும் சொன்னான். என் மனைவிக்கும் அந்த வார்த்தையில்தான் நம்பிக்கை வந்தது.

வண்டி வந்தது நள்ளிரவில், கொட்டும் மழையில். மீதியைக் கொடுத்தால்தான் பைகளை இறக்குவேன் என்று டிரைவர் பிடிவாதமாக நின்றார். டார்ச் வெளிச்சத்தில் கலங்கிய தண்ணீருக்குள் என்ன தெரியும்? குஞ்சுக்கு 22,500, தீவனத்துக்கு 10,000, வண்டிக்கு 6,000. மொத்தம் 38,500 ரூபாயும் அவன் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

விடிந்து பார்த்தால் அத்தனையும் ஜிலேபி. வெப்ப நீரில் வளரும் மீன். தண்ணீர் 10 டிகிரியை ஒட்டி இறங்கினால் செத்துவிடும். இரை எடுக்காமல் மூலையில் ஒதுங்கின, பிறகு கொத்துக் கொத்தாக மிதந்தன. என் பிள்ளைகள் கூடையில் அள்ளிக் குழியில் போட்டார்கள்.

கேட்டதற்கு முதலில் “உங்கள் தண்ணீரில் கோளாறு, கல்லுப்புப் போடுங்கள்” என்றான். பிறகு ஒரு மருந்தின் பெயரைச் சொல்லி அதையும் தன்னிடமே வாங்கச் சொன்னான். படம் அனுப்பியதும், “வண்டியில் மாறியிருக்கும், டிரைவரிடம் கேளுங்கள்” என்று தள்ளினான். டிரைவரோ, தான் வாடகைக்கு வந்தவன் என்றார். அந்த இணையச் சந்தைக்கு எழுதினால், உயிருள்ள பொருள்களுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று ஒரே பதில் திரும்பத் திரும்ப வருகிறது. விளம்பரத்துக்குக் காசு வாங்கும்போது மட்டும் பொறுப்பு இருந்ததா? ஒரு குடும்பத்தின் 38,500 ரூபாய் இவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

என்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. இவற்றை மட்டும் சொல்கிறேன். ட்ரவுட்டுக்கு முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே சிறிய சதைத் துடுப்பு ஒன்று இருக்கும், ஜிலேபிக்கு இருக்காது. பகல் வெளிச்சத்தில் அதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். இரவில் வரும் வண்டியை ஏற்காதீர்கள். முதலில் மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். ஓடை இல்லாமல் குட்டை மட்டும் வைத்திருப்பவர்கள் ட்ரவுட் பக்கமே போகாதீர்கள், சாதாக் கெண்டை இந்தக் குளிரைத் தாங்கும். ஏமாந்தவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915இலும், இணையவழியில் பணம் அனுப்பியிருந்தால் உடனே 1930இலும் புகார் செய்யுங்கள்.

அதே வீடியோவோடு அந்த விளம்பரம் வேறொரு தொலைபேசி எண்ணில் இன்று காலையும் வந்திருக்கிறது. பணம் அனுப்பிவிடாதீர்கள்.